ஐந்துக்கு நாலரை: பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

அரையாண்டுத் தேர்வின் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்றரை மணிக்கு, மனநல ஆலோசகரான என்னை ஒரு தமிழாசிரியர் கூப்பிட்டார். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் ஒரு பள்ளி. "மேடம், ஒரு பேப்பருக்கு மார்க் போட்டுட்டேன். போட்டதுக்கு அப்புறந்தான் படிச்சேன்" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கடிதம் எழுதும் கேள்வி உண்டு. ஐந்து மதிப்பெண். பரிசு வாங்கிய நண்பனை வாழ்த்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். பையன் தன் அம்மாவுக்கு எழுதியிருந்தான். இடம், நாள், விளிப்பு, உறைமேல் முகவரி எல்லாம் முறைப்படி இருந்தன. ஆசிரியர் அமைப்பைப் பார்த்து நாலரை போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு தாள் தள்ளிப் போன பிறகு, "சைக்கிள மாமா பையனுக்குக் குடுத்துருங்க" என்று எங்கோ படித்தது உறைத்தது. திரும்ப எடுத்துப் படித்தார். சாக நினைக்கும் பிள்ளை எழுதிய கடிதம் அது. கடிதத்தின் மற்ற வரிகளை இங்கே எழுதப் போவதில்லை.

தமிழ்த் தாள்தான் முதல் பரீட்சை. விடைத்தாள் கட்டு ஒரு வாரம் அவர் மேசையில் பிரிக்காமலே கிடந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவர் பிறகு பல தடவை என்னிடம் பேசினார். அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில்தான்: பையன் இப்போது எங்கே இருக்கிறான்? பரீட்சை முடிந்து ஒரு மணிக்கே கிளம்பிவிட்டானாம். மறுநாளிலிருந்து விடுமுறை. பள்ளி திறக்க ஒன்பது நாள் ஆகும்.

ஆசிரியரை வண்டி எடுத்துக்கொண்டு பையன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். விடைத்தாளைக் கையில் கொண்டு போக வேண்டாம், நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம், நான் வரும்வரை தனியே விட வேண்டாம். "நீ எழுதுனத படிச்சேன். உன்மேல எந்தத் தப்பும் இல்ல. மனசு கேக்கல, அதான் வந்தேன்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். நாலேகாலுக்குக் குறுஞ்செய்தி வந்தது: "இருக்கான். ஆடு கட்டிக்கிட்டு இருக்கான்."

போகும் வழியில் தலைமையாசிரியர் அழைத்தார். அவருக்கு இரண்டு கவலை. முதலாவது, இது போலீஸ் கேஸ் ஆகுமா? ஆகாது. பையன் எதுவும் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டிருந்தாலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு அவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தான் என்றே எடுத்துக்கொள்ளும், தண்டிக்காது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. இரண்டாவது கவலைக்கு அவரே வழியும் வைத்திருந்தார். "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு பையன்கிட்ட எழுதி வாங்கிடலாமா மேடம்?"

ஊரில் இதற்குச் சத்தியம் என்று பெயர். தலையில் அடித்து வாங்குவார்கள், கற்பூரம் அணைத்து வாங்குவார்கள், பள்ளியில் என்றால் வெள்ளைத்தாளில் வாங்குவார்கள். வாங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் வரும். கொடுத்த பிள்ளைக்கு அந்த நினைப்பு மறுபடி வந்தால் வெளியே சொல்ல வழி அடைபட்டுப் போகும், சத்தியத்தை மீறியவன் ஆகிவிடுவானே. இப்படி எழுதி வாங்குவது உயிரைக் காக்கிறது என்று எந்த ஆய்விலும் தேறவில்லை. வேண்டாம் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

முதல் மாலை

இனி அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 15. அப்பா பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் கம்பி கட்டுகிறார், அம்மா அதே கட்டடத்தில் சித்தாள். மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் கழிய வேண்டும், அதனால் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து தம்பி ஆயாவோடு இருக்கிறான். பக்கத்து வீடு தாய்மாமனுடையது. அவருக்கு ஒரு ஏக்கரில் தக்காளி.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, பனி இறங்க ஆரம்பித்திருந்தது. ஆயா வாசலில் உட்கார்ந்து ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். மார்கழியில் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பிதுக்கம்பருப்புக் குழம்புதான். தமிழாசிரியர் திண்ணையில் இருந்தார். பையனும் ஒரு கை மொச்சையை அள்ளி வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டிருந்தான். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டேன். கண்ணைப் பார்க்காமல் பேச இதைவிடத் தோதான வேலை கிடையாது.

சாப்பாடு, தூக்கம் பற்றிப் பேசிவிட்டு நேராகவே கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு தோணுதா தம்பி?" ஆசிரியர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கேட்டால் இல்லாத நினைப்பைத் தூண்டிவிட்டது போல் ஆகிவிடும் என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு கை வந்து பிடித்த மாதிரி இருக்கும். தம்பி மொச்சையைப் பார்த்தபடியே "ம்" என்றான்.

பிறகு படிப்படியாகக் கேட்டேன். எப்போதிருந்து? எத்தனை நாளைக்கு ஒரு தடவை? எப்படி என்றும் யோசித்தாயா? எப்போது என்று முடிவு செய்திருக்கிறாயா? அதற்காக எதையாவது எடுத்து வைத்திருக்கிறாயா? முன்பு எப்போதாவது முயன்றாயா? நினைப்பு தீபாவளியிலிருந்து இருந்தது. வழி யோசித்திருந்தான். பரீட்சை முடியட்டும் என்று இருந்திருக்கிறான். எதையும் எடுத்து வைக்கவில்லை, முன்பு முயன்றதும் இல்லை. ஜியாமெட்ரி பாக்ஸை மட்டும் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவனுக்குக் கொடுத்துவிட்டான். காதில் குரல் கேட்பது, கஞ்சா, குடி எதுவும் இல்லை. ஆபத்து சிறியதல்ல. ஆனால், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எனக்குக் கிடைத்த முதல் பிடிமானம் அது.

நடுவில் அவனும் ஒன்று கேட்டான். "அம்மாகிட்ட சொல்லுவீங்களா?" சொல்லமாட்டேன் என்று பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு வேலை சுலபமாகியிருக்கும். உயிர் சம்பந்தப்பட்டதைப் பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும், எப்படிச் சொல்வது என்பதை நீயும் நானும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்றேன். கடிதத்தை யாரிடமும் படித்துக் காட்டக் கூடாது, போனில் பேசும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தான். இரண்டையும் காப்பாற்றினேன்.

என்ன நடந்திருந்தது

செப்டம்பரில் பள்ளியில் ஓர் ஆசிரியரின் கைப்பேசி காணாமல் போனது. அந்த நேரம் சாக்பீஸ் எடுக்க அறைக்குள் போய் வந்தவன் தம்பி. வகுப்பு முன்னால் நிற்கவைத்துப் பையைக் கொட்டச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து அந்தக் கைப்பேசி ஆசிரியரின் ஸ்கூட்டர் டிக்கியிலேயே இருந்தது. கிடைத்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் யாரும் சொல்லவில்லை. "ஃபோனு" என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் நடந்துகொண்ட விதத்தை ஆளுக்கு ஒரு மாதிரி படித்திருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான், ஆயா அதை வயசுக் கோளாறு என்றார். வீட்டுப்பாடம் எழுதவில்லை, வகுப்பாசிரியர் திமிர் என்றார். ராத்திரி மூன்று மணிவரை விழித்துக் கிடந்தான், மாமா செல்போனைப் பிடுங்கி வைத்தார். வளரும் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை, கோபமாகவும் எரிச்சலாகவும் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனிடம் கேட்டபோது அவன் சொன்ன விவரம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை: "தலைக்குள்ள பஸ் இஞ்சின ஆஃப் பண்ணாம நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு மேடம்."

அன்றிரவே மனநல மருத்துவரிடம் போனில் பேசினேன். சனிக்கிழமை காலை மாமாவும் ஆயாவும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உள்நோயாளியாகச் சேர்ப்பதா என்று நீண்ட பேச்சு நடந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதற்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பெரியவர்களோடு கலக்காமல் தனி இடம் தர வேண்டும். காப்பாளரோ அவர் சார்பில் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் கர்நாடகத்தில். அதைவிட முக்கியம், பையன் பேசுகிறான், வீட்டில் ஆள் இருக்கிறது, எந்நேரமும் கண்காணிக்கத் தயார் என்கிறார்கள். சேர்க்காமல் வீட்டிலேயே பார்ப்பது, திங்கள் மறுபடி வருவது, நிலைமை மோசமானால் அந்த நிமிடமே சேர்ப்பது என்று முடிவானது. இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நான் பிழை செய்தது அதற்கு அடுத்த படியில்.

காலண்டரின் பின்பக்கம்

"கவுன்சிலிங் குடுத்துருங்க மேடம்" என்பார்கள், ஏதோ ஊசி போடுவது போல. அப்படிப்பட்ட வாரத்தில் என் பேச்சு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அவன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் சிகிச்சை. உரக்கடை கொடுத்த மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் கட்டம் போட்டோம். காலை ஆயா, மதியம் ஒருவர், சாயங்காலம் தமிழ் ஐயா வந்து ஒரு மணி நேரம், இரவு மாமா பக்கத்தில் படுப்பார்.

இன்னொரு தாளில் தம்பியே எழுதினான். இஞ்சின் சத்தம் தொடங்குவதற்கு முன் உடம்பில் என்ன தெரியும் (காது சூடாகும்). அப்போது தானாக என்ன செய்யலாம் (ஆட்டுப்பட்டி கூட்டுவது). யாரோடு போய்ச் சும்மா உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், ராத்திரியில் எந்த எண்ணுக்கு அழைப்பது. 14416 மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அவருடைய பட்டன் போனில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் அந்த எண் போகும்படி வைத்துக் கொடுத்தேன். ஐந்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு, மாட்டுக் கொம்பு மாதிரி" என்று தனக்கே ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்.

தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆயா வீட்டுத் திண்ணையில்தான் இருந்தது, இந்தப் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை ஆயாவிடம் கொடுத்தோம். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் சாவி சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. அந்த வீட்டில் எல்லாச் சாவியும் அங்கேதான் தொங்கும், வீட்டுக்கே தெரியும். அன்றைக்கே பெட்டியோடு தூக்கி மாமாவின் மோட்டார் கொட்டாய்க்குக் கொண்டு போனோம். சாவி அவர் இடுப்புக்குப் போனது.

இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதுதான் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் பக்கத்திலேயே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சினேகா அமைப்பினரும் ஊருக்குப் பொதுவாகப் பூச்சிமருந்து வைக்க இடம் அமைத்து, விவசாயிகள் பூட்டி வைத்து எடுக்கும் முறையைச் சோதித்து 2013-ல் எழுதியிருக்கிறார்கள். மோட்டார் கொட்டாய் அதன் ஏழை உறவு.

செவ்வாய்க்கிழமை

காலண்டர் கட்டத்தில் மதியம் பதினொன்றிலிருந்து மூன்று வரை மாமாவின் மகன் பெயர் இருந்தது. வயது 12. எழுதியது நான். ஆயாவும் மாமாவும் தக்காளி பறிக்கப் போகும் நேரம், வேறு ஆள் இல்லை, "சும்மா கூட இருந்தா போதும்டா" என்று சொல்லி எழுதிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஓர் உயிரைத் தூக்கி வைக்கிறோம் என்று ஏன் எனக்கு உறைக்கவில்லை என்பதற்கு இன்றும் பதில் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்கு அழைப்பு. சின்னவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறான், அண்ணனைக் காணோம். இரண்டு மணி நேரம் தேடினார்கள். ஏரிக்கரை, பள்ளிக்கூடம், மோட்டார் கொட்டாய். நான் தருமபுரியிலிருந்து வந்துகொண்டிருந்தேன், அந்த ஒரு மணி நேரப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மாமாதான் கண்டுபிடித்தார். பாலக்கோடு பேருந்து நிலையத்தில் ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் நாற்பது ரூபாய். பஸ் ஏறிப் பள்ளிப் பாஸைக் காட்டியிருக்கிறான். லீவில் செல்லாது, இந்த வண்டிக்கும் செல்லாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டிருக்கிறார்.

"எங்கடா கிளம்புன?" என்றார் மாமா.

"அம்மாவப் பாத்துட்டு வந்துரலாம்னு."

நான்கு நாளாக நாங்கள் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டுக்கேட்டுக் கட்டம் நிரப்பியிருந்தோம். உன் பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கடிதமே அம்மாவுக்குத்தான் எழுதப்பட்டிருந்தது.

சின்னவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனைத் தனியே உட்காரவைத்து, அந்த வேலையை உனக்குக் கொடுத்தது என் தப்பு, உன் தப்பு அல்ல என்று சொன்னேன். தலையாட்டினான். நம்பினானா தெரியாது.

அன்று மாலை பெங்களூருக்குப் பேசினோம், தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு வெகு நேரம் பேசவே இல்லை. "அட்வான்ஸ் நிக்குதுங்க மேடம்" என்றார் கடைசியில். மேஸ்திரியிடம் மாமா தான் ஜவாப்தாரி என்று பேசி முடித்தார். புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நான் சொல்லித்தருவதற்கு முன்பே அப்படி இருந்தார். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, தலை என்னடா இப்படிக் காஞ்சு கெடக்கு என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். அன்றிரவு தம்பி ஆறு மணி நேரம் தூங்கினான், குறித்து வைத்திருக்கிறேன். மறுநாள் கொல்லைப்பக்கம் நின்று அவர் என்னிடம் கேட்டார்: "நாங்க உட்டுட்டுப் போனதுதான் காரணமா மேடம்?" இல்லவே இல்லை என்று சொல்லத் தோன்றியது. அது உண்மையாக இருந்திருக்காது. ஒரு காரணத்தால் இது வருவதில்லை, நீங்கள் போனதும் அதில் ஒன்று, போகாமல் இருக்க வழி இருந்ததா என்பது வேறு கேள்வி என்றேன். அவர் அழவில்லை. பொங்கலுக்குப் பிறகு, தான் மட்டும் பெங்களூருக்குத் திரும்பிப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். தினக்கூலி ஒன்று குறைந்தது. உள்ளூரில் தக்காளி பறிக்கும் கூலி அதில் பாதிகூட இல்லை. அந்தக் கணக்கை எங்கள் கோப்பில் எழுத இடமில்லை.

மருந்தும் பள்ளியும்

மருத்துவர் ஃபுளுவாக்செட்டின் குறைந்த அளவில் தொடங்கினார். வளரும் பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு இருக்கும் மாத்திரைகளில் அதிகம் சோதிக்கப்பட்டது அதுதான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் அந்த நினைப்பும் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே எச்சரித்திருக்கிறது. அதனால் வாரம் ஒரு தடவை பார்ப்பது, ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது, அட்டை அம்மாவிடம் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். இரண்டாவது வாரம் தூக்கம் கெட்டது, காலை வேளைக்கு மாற்றியதும் சரியானது. ஒரு பூசாரியிடம் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவரை எனக்கு அதில் சண்டை இல்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், கைப்பேசி விஷயத்தைக் காலை வழிபாட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லித் திருத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியர். நல்லெண்ணம்தான். தம்பியிடம் கேட்டேன். "வேணாம் மேடம், மறுபடியும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க." அவன் கேட்டது ஜன்னல் ஓரப் பெஞ்ச், அவ்வளவுதான். கைப்பேசிக்கு உரிய ஆசிரியர் தானாகவே ஒருநாள் வகுப்பில் சொல்லியிருக்கிறார், பாடம் நடத்தும்போது நடுவில், ரொம்பச் சாதாரணமாக, அது என் வண்டியிலேயேதான் கெடந்துச்சு என்று. செப்டம்பரில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். பட்டப்பெயர் முழுசாகப் போகவில்லை, கூப்பிடுபவர்கள் குறைந்தார்கள்.

நினைப்பு ஒரே நாளில் ஓடிவிடவில்லை. ஜனவரியில் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை ஆட்டுப்பட்டி கூட்டினான். இன்னொரு தடவை, இரவு பத்தரைக்கு, ஆயாவின் போனில் மாட்டுக் கொம்பை அழுத்தினான். மறுமுனையில் இருந்தவரோடு இருபது நிமிடம் பேசிவிட்டு அம்மாவை எழுப்பியிருக்கிறான்.

தமிழ் ஐயா இப்போது விடைத்தாள் கட்டை வாங்கிய அன்றே பிரித்துவிடுகிறார். திருத்துவதற்கு அல்ல, கடிதப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கட்டி வைக்கிறாராம். பிப்ரவரித் திருப்புதல் தேர்வு முடிந்த சாயங்காலம் அழைத்தார். இந்தத் தடவை தம்பி இரண்டாவது கேள்வியை எடுத்திருந்தான்: உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குப் புகார்க் கடிதம். சாம்பாரில் கரப்பான்பூச்சி கிடந்தது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறான்.

"எவ்வளவு போட்டீங்க ஐயா?"

"மூணரை. உறைமேல் முகவரி எழுதல."